கல்லா, கல்மரமா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு

மாதத்துக்கு இரண்டு மூன்று கற்களாவது எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியவர், செம்மண் மேட்டில் காலை நடை போனவர், பேரப்பிள்ளைகளோடு அரியலூர்ப் பக்கம் போய் வந்தவர் என்று பலரும் படம் அனுப்புகிறார்கள். கீழே ஒரே கேள்வி: "சார், இது ஃபாசிலா, வெறும் கல்லா?" சிலர் ஒரு படி மேலே போய், "டைனோசர் முட்டைதானே சார்?" என்று முடிவையும் அவர்களே எழுதிவிடுவார்கள்.

நான் புவியியல் படித்தவன் அல்லன். புதுச்சேரி அரசு அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவன். அதில் பெரும்பகுதி பதிவறையில். ஓய்வுக்குப் பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்த இடத்தில் கல் கிடந்தது. குனிந்து பார்க்க ஆரம்பித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன். என் தகுதி அவ்வளவுதான். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் உண்டு.

'பார்ப்பதற்கு எதைப் போல இருக்கிறது' என்று கேட்பதால்தான் நாம் ஏமாறுகிறோம். கேட்க வேண்டியவை இரண்டு. உள்ளே எப்படி இருக்கிறது? எங்கே கிடந்தது? முதல் கேள்வி, கையில் இருப்பது என்னவென்று சொல்லும். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அது அசல் புதைபடிவமாகவே இருந்தாலும் அதனால் யாருக்கும் அதிகப் பயன் இல்லை. நம் ஊரில் பெரும்பாலான கற்கள் இந்த இரண்டாவது பதிலைத் தொலைத்துவிட்டுத்தான் கூடத்து ஷோகேசுக்கு வந்து சேருகின்றன. எனக்கு ஆதங்கம் அதில்தான்.

நம் வட்டாரத்தில் இது நியாயமான கேள்வி

வேறு ஊர்க்காரர் ஒருவர் கல்லை எடுத்து ஃபாசிலா என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். நம் பக்கத்தில் அப்படிப் போக முடியாது. புதுச்சேரியைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகள், கோரிமேடு, பொம்மையார்பாளையம் பக்கத்து ஓடைகள் எல்லாம் கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் சொல்லும் படிவைச் சேர்ந்தவை. அதே படிவில்தான் வானூர் வட்டம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள், 3 மீட்டர் முதல் 15 மீட்டர் நீளம் வரை படுத்துக் கிடக்கின்றன. வேரும் இல்லை, கிளையும் இல்லை. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைப் பாதுகாப்பில் எடுத்தது.

இந்தச் செம்மண்ணுக்கு அடியில் இன்னும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. வழுதாவூர்ப் பக்கம் தோண்டினால் கடல் படிவு. டைனோசர்கள் உயிரோடு இருந்த காலத்தில் அங்கே கடல் அலை அடித்திருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் பக்கம் அதே கடலின் படிவுகள் இன்னும் விரிவாக, இன்னும் தடிமனாக இருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கடல் படிவின் நடுவே கிடக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் மிதந்து போய் மூழ்கிய மரம். ஆக, நம் காலடியில் ஃபாசில் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஏமாறவும் வாய்ப்பு அதிகம்.

பெயரைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல்

நான் படித்தது பிரெஞ்சு வழியில். என்னைப் போலப் படித்தவர்களுக்கு பிஜூ, கையூ, ஷூ, ஜெனூ, இபூ, ஜூஜூ, பூ என்ற வாய்ப்பாடு இன்றும் தூக்கத்தில் வரும். பன்மையில் 'எஸ்' சேர்க்காமல் 'எக்ஸ்' சேர்க்க வேண்டிய ஏழு சொற்கள். அதில் இரண்டாவதான கையூ என்பது கூழாங்கல். பன்மையில் எப்படி எழுதுவது என்று கூழாங்கல்லைப் பற்றி மனப்பாடம் செய்த நாங்கள், பள்ளியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் ஒரு காடே கல்லாகிக் கிடப்பதைப் பாடத்தில் படித்ததே இல்லை. சேன் நதியும் லுவார் நதியும் எங்கே உற்பத்தியாகின்றன என்று படித்தோம். திருவக்கரை எங்கள் பாடப்புத்தகத்தில் கிடையாது. அந்தக் கல்மரங்களைப் பற்றி ஐரோப்பாவுக்கு முதலில் சொன்னவரே பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1781 என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகு தெரிந்துகொண்டேன். நம் சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இருப்பவரும் அதே சொன்னெராதான்.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது. 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு வகுப்பு. தமிழில் சொன்னால் பொருட்பாடம். ஆசிரியர் ஓர் இலையையோ, உப்புக்கட்டியையோ, கல்லையோ மேசையில் வைப்பார். பெயரைச் சொல்லக்கூடாது. நிறம் என்ன, கனம் எப்படி, உடைத்த முகம் எப்படி, தட்டினால் என்ன ஓசை, நனைத்தால் என்ன ஆகிறது என்று மட்டும் வரிசையாகச் சொல்ல வேண்டும். பெயர் கடைசியில்தான் வரும். அவசரப்பட்டுப் பெயரைச் சொன்னவன் உட்கார வேண்டியதுதான். இன்று கைபேசியில் படம் எடுத்ததும் பெயர் கேட்கிறோம். அந்த வகுப்பை அப்படியே தலைகீழாக்கிவிட்டோம்.

ஃபாசிலும் கனிமம்தான்

ஃபாசிலா, கனிமமா என்று கேட்கும்போதே ஒரு குழப்பம் உள்ளே இருக்கிறது. திருவக்கரைக் கல்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பொருள் பெரும்பாலும் சிலிக்கா. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, புதைந்த மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து படிந்து இறுகியது. மரம் போனது, மரத்தின் அமைப்பு நின்றது. பொருளைக் கேட்டால் கனிமம், அமைப்பைக் கேட்டால் மரம். இரண்டும் உண்மை.

பதிவறைக்காரன் பாஷையில் சொல்கிறேன். ஃபாசில் என்பது அட்டெஸ்டட் நகல். மூலத்தாள் மட்கிப்போயிருக்கலாம், மை வேறு, காகிதம் வேறு. ஆனால் வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து மூலத்தில் இருந்தது இருக்கும். நம்மை ஏமாற்றும் கனிமக் கல் வேறு ரகம். காகிதத்தில் காபி கொட்டி, அந்தக் கறை தற்செயலாகக் கையெழுத்துப் போலத் தெரிகிறதே, அந்த ரகம். தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். பூதக்கண்ணாடி வைத்தால் ஒன்றில் எழுத்து இருக்கும், மற்றதில் கறை மட்டும் இருக்கும்.

இதனால் ஒன்று தெளிவாகிறது. கல் எந்தப் பொருளால் ஆனது என்று காட்டும் சோதனை எதுவும் தனியாக இந்தக் கேள்வியைத் தீர்க்காது. கண்ணாடியைக் கீறுகிறதா? கல்மரம் கீறும், ஆற்றுக் கூழாங்கல்லும் கீறும். வினிகர் விட்டால் நுரைக்கிறதா? கிளிஞ்சல் படிவம் நுரைக்கும். வயலில் கிடக்கும் சுக்கான் கல்லும் நுரைக்கும். நாக்கில் வைத்தால் ஒட்டுகிறதா? பழைய எலும்புப் படிவம் அதன் நுண்துளைகளால் ஒட்டும். காய்ந்த களிமண்ணும் ஒட்டும். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "எலும்புதான் சார்" என்று எழுதிய நண்பரிடம், முதலில் வாயைக் கொப்பளியுங்கள் என்றேன்.

வழக்கமாக ஏமாற்றும் நான்கு

என்னிடம் வரும் படங்களில் திரும்பத் திரும்ப வருபவை நான்கு.

முதலாவது, கல்லில் இலை. வெளிர் நிறக் கல்லைப் பிளந்தால் உள்ளே கறுப்பாக, பெரணிச் செடியைப் போல அழகாகக் கிளை விட்டிருக்கும். செடி என்று சத்தியம் செய்யத் தோன்றும். அது மாங்கனீசு. கல்லின் விரிசலில் நீர் கசிந்து மாங்கனீசு ஆக்சைடு படியும்போது இப்படித்தான் கிளைத்துப் படரும். கண்டுபிடிப்பது சுலபம். நிஜ இலைக்கு நடுநரம்பு உண்டு, ஓரம் உண்டு, காம்பு உண்டு. இந்தப் படிவு விரிசலின் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் படர்ந்திருக்கும். எங்கே இலை முடிகிறது என்று காட்டவே முடியாது.

இரண்டாவது, வளையம் போட்ட கல். "மரத்தின் ஆண்டு வளையம் தெரிகிறது" என்று அனுப்புவார்கள். மணற்கல்லில் இரும்புச் சத்து கரைந்து பரவிப் படியும்போதும் வரிசை வரிசையாகப் பழுப்புப் பட்டைகள் விழும். வளையத்தை நம்பாதீர்கள். நம்மைப் போன்ற வெப்ப நாட்டு மரங்களில் பலவற்றுக்குத் தெளிவான ஆண்டு வளையமே கிடையாது. குறுக்குவெட்டு முகத்தை நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். நகைக்கடையில் கண்ணில் பொருத்திக்கொள்கிறார்களே, அதே லென்ஸ் போதும். நிஜ மரமென்றால் ஊசி குத்தியதைப் போல நீர்க்குழாய்களின் துளைகள் தெரியும். நடுவிலிருந்து வெளியே போகும் மெல்லிய ஆரக்கோடுகள் தெரியும். பனை வகை என்றால் ஆரம் இருக்காது. வெட்டுமுகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நார்க்கட்டுகள் இருக்கும். இரும்புக் கல்லில் வெறும் மணலும் நிறமும்தான். இன்னும் ஐயம் என்றால், பளபளப்பில்லாத டைல்ஸின் பின்புறத்தில் கல்லைத் தேய்த்துப் பாருங்கள். இரும்புக் கல் துருப்பிடித்த பழுப்பிலோ சிவப்பிலோ கோடு போடும்.

மூன்றாவது, உருண்டை. இதற்குத்தான் முட்டை என்ற மரியாதை. சேற்றுக்குள் ஏதோ ஒரு சிறு பொருளைச் சுற்றிச் சுண்ணாம்போ இரும்போ படிந்து கெட்டிப்பட்டு உருண்டையாகிவிடும். நிஜ முட்டைப் படிவத்துக்கு ஓடு இருக்க வேண்டும். ஒரே சீரான கனத்தில், உள்ளே இருப்பதிலிருந்து தனியாகத் தெரியும் ஓடு. லென்ஸில் அந்த ஓட்டுக்கென்று தனி அமைப்பு தெரியும். உருண்டைக் கல்லை உடைத்தால் வெங்காயம் போல அடுக்கோ, ஒரே மொத்தையாகவோ இருக்கும்.

நான்காவது, நார் நாராகப் பிரியும் வெள்ளைக் கல். பெரம்பலூர் மாவட்டம் காரை பக்கத்துக் களிமண் பள்ளங்களுக்குப் போய் வந்தவர்கள் எலும்பு என்று நினைத்து எடுத்து வருவது. நகத்தால் கீறுங்கள். கோடு விழுந்தால் ஜிப்சம். அதே காரைப் பள்ளங்களில் துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு முனை கூர்த்த கல் கிடக்கும். அது ஜிப்சம் அல்ல. கணவாய் மீனுக்கு உறவான, அழிந்துபோன பெலம்னைட் என்ற கடல் பிராணியின் உடலுக்குள் இருந்த பாகம். ஒடிந்த முகத்தில் மையத்திலிருந்து சக்கரக் கால்கள் மாதிரி கோடுகள் இருக்கும். பத்து எடுத்தால் பத்தும் ஒரே அமைப்பு. உயிருக்கு ஓர் ஒழுங்கு உண்டு; அளவு மாறும், அமைப்பு மாறாது. கனிம உருண்டைகளில் ஒன்றைப் போல மற்றொன்று இருப்பதில்லை.

குன்னத்து முட்டைகள்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஏரியில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவி, மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பிறகு நிபுணர்கள் வந்து, முட்டை இல்லை, அம்மோனைட் போன்ற கடல் உயிர்களைச் சுற்றிப் படிந்து கெட்டிப்பட்ட உருண்டைகள் என்று சொன்னார்கள். அந்த நிமிடமே எல்லாருக்கும் ஆர்வம் போய்விட்டது. "ப்ச், வெறும் கல்லாம்" என்று எனக்கே நான்கு பேர் எழுதினார்கள்.

வெறும் கல்லா? குன்னம் இன்றைக்குக் கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். மானாவாரி நிலம், வெயில், புழுதி. அங்கே ஏரிக்கு மண் எடுத்தால் கடல் வருகிறது. சுருண்ட ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புப் போட்டு வாழ்ந்த உயிர், டைனோசர்கள் மறைந்த அதே சமயத்தில், சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முன் உலகம் முழுவதும் அற்றுப்போன உயிர், அந்த ஊர்ச் சேற்றில் இருந்திருக்கிறது. முட்டையைவிட இது எந்த விதத்தில் குறைந்துவிட்டது? சினிமாவில் பார்க்காத பிராணி என்பதைத் தவிர வேறு குறை எனக்குத் தெரியவில்லை.

இந்த அம்மோனைட் நம்மில் பலருக்கு அந்நியமும் இல்லை. வீட்டில் பெட்டியில் வைத்துத் திருமஞ்சனம் செய்யும் சாளக்கிராமம் நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைப்பது. அதில் தெரியும் சக்கரம் பெரும்பாலும் அம்மோனைட்டின் சுருளும் விலாக்கோடுகளும்தான். இதைச் சொன்னால் என் சகோதரி வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "இமயமலையே ஒரு காலத்தில் கடலாக இருந்ததென்றால் பாற்கடல் என்று சொன்னதில் என்ன தப்பு?" என்றாள். திருவக்கரையிலும் கல்மரங்களை வக்கிராசுரனின் எலும்புகள் என்று சொல்பவர்கள் உண்டு. கதை கதையாக இருக்கட்டும். பக்தி உள்ளவர்களால் கல்லுக்குக் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் அதை இருந்த இடத்திலேயே விட்டுவைத்தார்கள். கெடுதல் எல்லாம் அழகாக இருக்கிறதே என்று எடுத்து வருபவர்களால்தான்.

எண் இல்லாத கோப்பு

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எங்கே கிடந்தது?

பதிவறையில் எங்களுக்குப் பெரிய தலைவலி கிழிந்த கோப்பு அல்ல, எண் இல்லாத கோப்பு. தாள்கள் முத்து முத்தாக இருக்கும். ஆனால் எந்தத் துறை, எந்த வருடம், எதற்குத் தொடர்ச்சி என்று தெரியாது. அதை எதற்கும் ஆதாரமாகக் காட்ட முடியாது. பாதி கிழிந்திருந்தாலும் எண்ணும் தேதியும் இருக்கும் கோப்பை வைத்து ஒரு குடும்பத்துக்குப் பென்ஷன் வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கல்லுக்கும் அதேதான். ஒரு கல்மரத் துண்டு மணற்கல்லின் எந்த அடுக்கில், எந்தத் திசையில் படுத்துக் கிடந்தது என்று தெரிந்தால், வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யோசிக்கலாம். பக்கத்தில் கிளிஞ்சல் இருந்ததா, கூழாங்கல் இருந்ததா என்பதிலிருந்து கடலா, ஆறா என்று சொல்லலாம். ஷோகேசில் இருக்கும் துண்டிடம் இதில் எதையும் கேட்க முடியாது.

1840-களில் சென்னை சிவில் சர்வீசில் இருந்த கே என்ற அதிகாரியும் அவர் நண்பர் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் கிளிஞ்சல் படிவங்களைச் சேகரித்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றை ஆராய்ந்து 1846-இல் எழுதியவர் எட்வர்டு ஃபோர்ப்ஸ். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. எது புதுச்சேரியில் எடுத்தது, எது விருத்தாசலத்தில் எடுத்தது என்று பிரித்து வைத்திருந்ததால்தான், ஒவ்வொரு ஊரின் படிவையும் தனித்தனியாக எடைபோட்டு எழுத அவரால் முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டியிருந்தால் அந்தச் சேகரிப்பு அழகுப் பொருளாகப் போயிருக்கும். ஓர் அதிகாரியின் லேபிள் ஒட்டும் பழக்கம் நம் ஊரை உலகப் புவியியலில் சேர்த்தது என்று எனக்குக் கொஞ்சம் பெருமை.

இன்னோர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1935-இல் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. கழிவு என்று ஒதுக்காமல் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். அது பழுப்பு நிலக்கரி. அதுவும் ஒரு காலத்துக் காடுதான். திருவக்கரையில் மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக் கல்லானது; நெய்வேலியில் மரம் கரியாக நின்றது. அவர் அந்தக் கறுப்பை ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்ன நிலம், இன்ன துளை என்று இடத்தோடு சொன்னதால்தான் அது செய்தி ஆனது.

எடுத்து வைத்தால் என்ன தப்பு?

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், நெடுநாள் நண்பர், இதில் என்னோடு சண்டை போடுவார். அவர் வீட்டுக் கூடத்தில் கல்மரத் துண்டு ஒன்று இருக்கிறது. "நான் எடுக்கவில்லையென்றால் மறுநாள் ஜேசிபி அள்ளி டிப்பரில் கொட்டி ரோட்டுக்குப் போட்டிருப்பான். உம்ம லேபிளை எங்கே ஒட்டுவீர்?" என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செம்மண் மேடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டிருப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். தோண்டிக்கொண்டிருக்கும் இடத்தில், நாளைக்கு இருக்காது என்ற நிலையில் இருக்கும் துண்டை எடுத்துக் காப்பாற்றுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எடுக்கும் முன் இரண்டு நிமிடம் செலவிடலாமே. கல் கிடந்தபடியே ஒரு படம், பக்கத்தில் ஒரு பேனாவோ சாவியோ அளவுக்கு வைத்து. சற்றுத் தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு ஒரு படம். ஊர், தேதி, கைபேசி காட்டும் இடக்குறிப்பு, எவ்வளவு ஆழம், மேலே என்ன மண், கீழே என்ன மண். இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு கட்டிவிட வேண்டும். பிறகு பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறைக்கோ, புவியியல் ஆய்வுத்துறைக்கோ காட்டலாம். என் நண்பரின் துண்டு எந்த மேட்டிலிருந்து வந்தது என்று இப்போது அவருக்கே நினைவில்லை. மேடும் போயிற்று, விலாசமும் போயிற்று.

மற்றபடி, யாரும் தோண்டாத இடத்தில், மழையில் கழுவப்பட்டு மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் கல்லைத் தொட வேண்டாம். திருவக்கரைப் பூங்காவிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக்கூடாது. அது நம் எல்லோருடையதும். "ஒரு சின்னத் துண்டுதானே" என்று வருகிறவர்கள் எல்லாரும் நினைத்தால் ஒரு மரம் தீர எத்தனை நாள் ஆகும்?

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள்

புதுச்சேரி, விழுப்புரம், கடலூர், அரியலூர், பெரம்பலூர் பகுதிப் பள்ளிகளில் வருடத்துக்கு ஒரு நாளாவது இந்தப் பொருட்பாடத்தை நடத்தலாம் என்பது என் ஆசை. செலவு அதிகம் இல்லை. ஒரு லென்ஸ், ஒரு கண்ணாடித் துண்டு, பழைய டைல்ஸ் ஒன்று, கொஞ்சம் வினிகர். பிள்ளைகள் வழியில் கிடக்கும் கற்களை மேசையில் வைத்து, பெயர் சொல்லாமல் பார்த்ததை மட்டும் சொல்லட்டும். நூறு கல்லில் தொண்ணூற்றொன்பது ஃபாசிலாக இருக்காது. பரவாயில்லை. "இல்லை" என்ற பதிலை அவர்களே காரணத்தோடு கண்டுபிடித்தால், முட்டை என்று கிளம்பும் அடுத்த செய்தியை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பமாட்டார்கள்.

அந்த நூறாவது கல் ஒரு பிள்ளையின் கையில் வரும்போது, "டீச்சர், இதில் துளையும் ஆரமும் தெரியுது. எங்க ஊர் ஓடையில மேலேருந்து மூணாவது அடுக்குல இருந்துச்சு. இடத்தைக் குறிச்சு வெச்சிருக்கேன், போய்ப் பாக்கலாமா?" என்று சொல்லத் தெரிந்தால் போதும். அந்த வகுப்புக்கு வேறு பரீட்சை வேண்டாம்.